என் ரத்தத்தில் இல்லாதது

எங்கள் பக்கம் ஒரு பிள்ளை பிறந்தால், பார்க்க வருகிறவர்கள் முதலில் செய்கிற வேலை அது யாரைக் கொண்டிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வது. மூக்கு அப்பனுக்கு, நெற்றி அத்தைக்கு, காது மடல் செத்துப்போன பெரியப்பாவுக்கு. பங்கு பிரித்து முடித்த பிறகுதான் காப்பியைக் கையில் வாங்குவார்கள். பிள்ளை வளர்ந்து கோபப்பட்டால் அது தாய்மாமன் கோபம். படிப்பு ஏறவில்லை என்றால் அம்மா வீட்டு வழி. எதுவும் சும்மா வந்துவிட முடியாது, எதற்கும் ஒரு ஆள் பொறுப்பேற்றாக வேண்டும். இன்று இதை நான் எரிச்சலோடு சொன்னாலும், எத்தனையோ தொட்டில் பக்கத்தில் நின்று நானும் மூக்குப் பிரித்துக் கொடுத்தவள்தான்.

என் மகன் நடக்கத் தொடங்கிய காலத்தில் அவன் கெண்டைக்கால் நல்ல திரட்சியாக இருந்தது. ராயகிரியில் இருக்கும் மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, அதைத் தடவித் தடவிப் பார்த்து, "எங்க அப்பாவைக் கொண்டிருக்கான். அவுகளும் இப்படித்தான், மல்லன் கணக்கா இருப்பாக" என்று பூரித்துப் போனாள். பிறகு அவன் படியேறத் திணறினான். தரையிலிருந்து எழுந்திருக்கத் தன் தொடையிலேயே கையை ஊன்றி ஊன்றி எழுந்தான். மதினி அந்தக் கெண்டைக்காலை அப்படியே எங்கள் வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டாள். "எங்க வம்சத்துல கால் விளங்காதவன்னு ஒருத்தன் கிடையாது" என்றாள். அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தாலும் அதைச் சொல்லாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

திருநெல்வேலியில் பெரிய டாக்டரிடம் போனோம். நான், என் அம்மா, தங்கச்சி. என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர், அன்று அவருக்கு டியூட்டி. மகனின் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, இது தசைச் சிதைவு நோய் என்றார் டாக்டர். தசைக்கு வேண்டிய ஒரு புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது, நாளாக ஆக எல்லாத் தசையும் வலுவிழக்கும், மருந்து கிடையாது என்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து கிடையாது என்பதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்குள் போகவில்லை. தங்கச்சிக்குத்தான் போயிருக்கிறது.

"உங்க அம்மா வழியில ஆம்பளைப் பிள்ளைங்க யாருக்காவது இப்படி இருந்ததா?" என்று டாக்டர் கேட்டார்.

என் அம்மா உடனே சொன்னாள். "எனக்கு ஒரு தம்பி இருந்தான் சார். நடக்க மாட்டாம இருந்தே செத்துப் போனான்."

டாக்டர் தலையாட்டினார். முடிந்தது கதை. ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு ஒன்று. பெண்ணிடம் ஒன்று பழுதாக இருந்தால் மற்றது தாங்கிக்கொள்ளும், அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பழுதானது அவளுடைய மகனுக்குப் போய்விட்டால் அவனுக்கு முட்டுக்கொடுக்க வேறொன்று இல்லை. அம்மாவிடம் இருந்து எனக்கு வந்திருக்கிறது, என்னிடம் இருந்து அவனுக்குப் போயிருக்கிறது. என் தங்கச்சிக்கும் இருக்க வாய்ப்புண்டு. தாய்மாமனைக் கொண்டு பிள்ளை பிறப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கமாயிற்றே. மாமனுக்குக் கால் விளங்கவில்லை, அக்கா பேரனுக்கும் விளங்கவில்லை. பொறுப்புக்கு ஆள் கிடைத்துவிட்டது. படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் திருப்தி.

தங்கச்சிக்கு அப்போது அத்தை மகனோடு நிச்சயம் ஆகியிருந்தது. முறை மாப்பிள்ளை. சின்ன வயதிலிருந்து இவளுக்கு அவர், அவருக்கு இவள் என்று பேசி வைத்தது, இரண்டு பேருக்கும் பிடித்தும் இருந்தது. ஊருக்குத் திரும்பினோம். நாலைந்து நாள் கழித்து என்னிடம் வந்து, "நான் அவுககிட்ட சொல்லிட்டேன்க்கா" என்றாள். கோயில் வாசலுக்கு அவரை வரச் சொல்லி, எனக்குப் பிள்ளை வேண்டாம், அக்கா படுகிற பாட்டைப் பார்த்துவிட்டேன், என்னால் முடியாது, சம்மதம் என்றால் தாலி கட்டுங்கள், இல்லையென்றால் வேறு பெண் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் மறுநாள் வந்து சரி என்று சொல்லியிருக்கிறார்.

நான் வேண்டாம் என்று மன்றாடினேன். "பொம்பளைப் பிள்ளை பிறந்தா?" என்று கேட்டேன். "அதுக்கும் இருந்தா, அது பெத்த பிள்ளைக்கு வரும். இத எங்கேயாவது நிறுத்தணும்லா" என்றாள். எங்கள் வீட்டில் அவளை மாதிரிப் பிடிவாதக்காரி கிடையாது. அது யாரைக் கொண்டதோ தெரியாது.

கல்யாணம் நடந்தது. ஒன்றிரண்டு வருஷம் கழித்து அவளே போய் ஆபரேஷன் செய்துகொண்டாள். அது அவளுக்கும் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். என் மகனுக்குக் கால் சரியில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அது பெண்பிள்ளைகள் வழியாகப் போகிற நோய் என்பது வெளியே தெரியாது. மகனுக்கு மூத்தது ஒரு மகள் எனக்கு. மதினி கணக்குப்படி அவள் அவர்கள் வம்சம், ஆகவே சுத்தம். தங்கச்சி காரணத்தை வெளியே சொன்னால் என் மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை வர மாட்டான். அதனால் அவள் சொல்லவில்லை. ஊர் அவளை மலடி என்றது. அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டாள். எங்கள் அத்தை, அதாவது அவள் மாமியார், புற்று மண்ணைக் கரைத்துக் கொடுத்தாள், வேண்டாத கோயில் இல்லை, ஏறாத வைத்தியர் வாசல் இல்லை. எல்லாவற்றுக்கும் இவள் பேசாமல் கூடப் போய் வந்தாள். அத்தை சாகிறவரை மகனுக்கு இன்னொரு பெண் பார்ப்பதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வளைகாப்பு வீடுகளில் எல்லாப் பெண்களையும் வளையல் போடக் கூப்பிடுவார்கள். இவள் முறை வரும்போது மட்டும் யாராவது இவளை அடுப்படிக்கு அனுப்பி விடுவார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த வீட்டையே கொளுத்தலாம் போல இருக்கும்.

என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது. பள்ளிக்கூட ஆபீசில் எழுத்தர் வேலை. ஆபீசை ஒட்டிப் பத்தாம் வகுப்பு. ஒவ்வொரு வருஷமும் மரபியல் பாடம் சுவர் தாண்டி என் காதில் விழும். நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி, டி.என்.ஏ. தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்வது, எப்போதாவது நகலில் பிழை விழுந்தால் அதற்குச் சடுதிமாற்றம் என்று பெயர். பிள்ளைகள் சேர்ந்து ராகம் போட்டுச் சொல்வார்கள். நான் மாற்றுச் சான்றிதழுக்கு முத்திரை குத்திக்கொண்டே கேட்பேன். மதியத்துக்கு ஓடிப்போய் மகனைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் மனசில் ஓடும். பதினோரு வயதோடு அவன் நடை நின்றுவிட்டது. இன்று இருபத்தைந்து வயது. தபால் வழியில் பட்டப்படிப்பு, விரல்கள் இன்னும் ஓடுவதால் போனில் உலகத்தையே வைத்திருக்கிறான். முதுகு, இடுப்பு என்று எனக்கு வலிக்காத இடம் கிடையாது. என்னைப் பார்த்து, "அம்மா, நீ நின்ன நெலையிலேயே தூங்குத" என்று சிரிப்பான். உண்மைதான்.

தங்கச்சி மாப்பிள்ளை பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். காலை ஏலம் முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து மகனைத் தூக்கிக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, தலை சீவிவிட்டுத்தான் போவார். அவர் கையில் மல்லிகை வாசம் இருக்கும். "சித்தப்பா, நீங்க தூக்கினா நான் பூக்கூடை ஆயிருதேன்" என்பான் இவன். அவர் சிரித்துக்கொண்டே அவன் சட்டைப் பித்தானைப் போடுவார். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. தனக்கென்று ஒரு பிள்ளை இல்லையே என்று அவர் சொல்லி நான் கேட்டதும் இல்லை.

போன வருஷம் மகளுக்குக் கரிவலம்வந்தநல்லூரில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தென்காசியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள் அவள், பையனும் நல்ல வேலையில் இருக்கிறான். எல்லாம் கூடி வந்த நேரத்தில் மகள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "எனக்கு இருக்கா இல்லையான்னு தெரியாம நான் தலையை நீட்ட மாட்டேன். இருந்தா அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம்." அவளே விசாரித்துத் திருநெல்வேலியில் மரபணு பார்க்கிற ஒரு டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தாள். மகனுக்கு எந்தத் துண்டு விட்டுப்போயிருக்கிறது என்பது முன்பே தெரியும். அதே துண்டு எனக்கும் மகளுக்கும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தால் போதுமாம். முதலிலேயே எனக்கும் ஏன் பார்க்கவில்லை என்று டாக்டரம்மா கேட்டார். என்ன பதில் சொல்ல. பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. என்னிடம் இருந்துதான் வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததே. தினமும் விழுந்து விழுந்து எழுகிற பிள்ளையைத் தூக்கிவிடுகிறவள், இது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டா நிற்பாள்.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. என்னிடம் இருப்பது தெரிந்த சங்கதி. மகளுக்கு நான் கொடுத்திருக்கிறேனா இல்லையா என்பது ஒன்றுதான் கேள்வி.

முடிவு வந்ததும் மகளும் நானும் போனோம். டாக்டரம்மா முதலில் மகளைப் பார்த்து, "உனக்கு இல்லம்மா" என்றார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கும் இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எனக்கு இல்லன்னா அவனுக்கு எப்படி?" என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். உடம்பில் இருக்கிற மரபணுக்களிலேயே இதுதான் மிக நீளமானது. தலைமுறை தலைமுறையாக நகல் எடுக்கப்படும்போது இவ்வளவு நீளத்தில் எங்காவது ஒரு துண்டு விட்டுப்போகும். இந்த நோய் வந்த எத்தனையோ பையன்களின் அம்மாக்களிடம் பழுது இருப்பதில்லை, பையனிடம்தான் அது முதன்முதலாக உண்டாகிறது. எனக்குப் பள்ளிக்கூடத்து ஜெராக்ஸ் மெஷின் ஞாபகம் வந்தது. கட்டாகத் தாளை வைத்தால், எல்லாம் ஒழுங்காக இருந்தும் நடுவில் இரண்டு பக்கத்தை விழுங்கிவிடும். யார் மேல் குற்றம் சொல்ல. சில சமயம் ரத்தத்தில் தெரியாமல் கருமுட்டையில் மட்டும் பழுது இருக்கலாம், அதனால்தான் மகளையும் தனியாகப் பார்த்தோம், அவளுக்குக் கவலை இல்லை என்றார் டாக்டரம்மா.

என் தாய்மாமனைப் பற்றிச் சொன்னேன். "எந்தக் கால் அவருக்கு?" என்று கேட்டார். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்து இடது கால் மட்டும் சூம்பிப்போனதாக அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்னேன். "அது போலியோவா இருந்திருக்கும்மா" என்றார். அம்மா இன்று உயிரோடு இல்லை. எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், இடது கால் என்று. நாங்களும் கேட்டிருக்கிறோம்.

பஸ்ஸில் மகள் போனில் பேசிக்கொண்டே அழுதாள், சிரித்தாள். எனக்கு ஜன்னல் காற்று பட்டதும் நெஞ்சில் ஏதோ இறங்கியது. என் மகனுக்கு நான் கொடுக்கவில்லை. இத்தனை வருஷமாக அவனைத் தூக்கும்போதெல்லாம், நான் கொடுத்ததுதானே என்று நினைத்து நினைத்துத் தூக்கியிருக்கிறேன். நாளைக்கே ராயகிரிக்குப் பஸ் ஏறி மதினி முன்னால் போய் நின்று, எனக்கு இல்லையாம் என்று தெருவே கேட்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்னென்ன வார்த்தை சொல்வது என்றுகூட அடுக்கிக்கொண்டே வந்தேன். மானூர் தாண்டியபோதுதான் தங்கச்சி ஞாபகம் வந்தது. எனக்கே இல்லை, மாமாவுக்கும் அது போலியோ என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்.

அதன் பிறகு ஊர் வருகிறவரை நான் ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்க முடியவில்லை.

மகனிடம் சொன்னோம். "அப்போ நான் யாரையும் கொண்டு பிறக்கல. நான்தான் ஒரிஜினல்" என்றான். மகள் அவன் தலையில் தட்டினாள். பிறகு அவன் என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "சித்திக்கு?" என்று கேட்டான். ஆபரேஷன் விஷயம் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் கேட்டான். அவனுக்கு எல்லாம் தெரியும் போல. "நான் சொல்லிக்கிடுதேன். நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கப்படாது" என்றேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன், பழுது மகனிடம்தான் தொடங்கியது, தங்கச்சிக்குப் பார்க்கவே தேவையில்லை என்றார். ஆனாலும் அவளிடம் சொல்லாமல் நாளைக் கடத்தினேன். இன்னும் முடிவு வரவில்லை என்றேன். அவளோ தினம் ஒரு தடவை போன் போட்டு, "வந்துட்டாக்கா?" என்று கேட்டாள். என் மகளுக்காக அவள் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு இல்லட்டி" என்றேன்.

மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்படியே எழுந்து வெளியே வந்துவிடலாம் என்று இருந்தது. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா?"

"எனக்கும் இல்லையாம். அவன்கிட்டதான் புதுசா வந்துச்சாம். மாமாவுக்கு இருந்தது போலியோவாம்."

அவள் ஜாக்கெட்டின் கைப்பகுதியைத் திருப்பிப் போட்டு, தைத்த தையலையே பார்த்தாள். "அப்போ எனக்கு?" என்று கேட்டாள்.

"உனக்குப் பார்க்கவே தேவையில்லைன்னு சொல்லிட்டாங்க."

நான் அழுதேன். அவள் அழவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. "ஏ அக்கா, அழாத" என்றாள். பிறகு, "பிறந்திருந்தா இப்போ காலேஜ் போயிருக்கும்லா" என்றாள். வெயில் எப்படி இருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன், அதற்குள் அவள் கொக்கி தைக்க ஊசியை எடுத்திருந்தாள்.

"அவுககிட்ட சொல்லாண்டாம்" என்றாள்.

"அவருக்குத் தெரியாண்டாமாட்டி?"

"இத்தனை வருஷம் அவுக என்னைய ஒரு சொல்லு சொன்னதில்லக்கா. நான் சொன்னேன்னு ஒத்துக்கிட்டாக. ஊரு என்னைய மலடின்னுச்சு, அவுகளுக்கும் ஆயிரம் பேச்சு வந்துச்சு. இதுக்காகத்தான்னு நினைச்சுத்தான் பொறுத்துக்கிட்டாக. ஒண்ணுமில்லாததுக்குன்னு தெரிஞ்சா அவுக என்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாக. ஆனா காலையில எந்திரிச்சு உன் வீட்டுக்கு வந்து அவனைத் தூக்கும்போது என்ன நினைப்பாக, சொல்லு."

அதற்குள் வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. கையில் ஒரு பொட்டலம் பிச்சிப்பூவோடு அவர் உள்ளே வந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது.

"என்ன மதினி, ரிசல்ட் வந்துட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி சொன்னாள். "வந்துட்டு. அக்காவுக்கு இருக்கு. பிள்ளைக்குத் தப்பிட்டு."

அவர் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "ஆமா. எனக்கு இருக்கு" என்றேன். தெருவே கேட்கச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் அடுக்கி வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட இனி வெளியே வராது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு அது வருத்தமாக இருந்தது. பொய் சொல்வானேன், நிறையவே வருத்தமாக இருந்தது.

"அதனால என்ன மதினி, உங்களுக்குப் பழகினதுதான. பிள்ளைக்கு இல்லைல்லா, அது போதும்" என்றார் அவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டு, ரொம்ப நாள் சுமந்த எதையோ இறக்கி வைத்தவர் போலத் தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார். "அக்காவுக்கு இருக்குன்னா உனக்கும் இருந்திருக்கும். அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. நான்தான் சில நேரம், அவசரப்பட்டுட்டோமோன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"சாப்பாடு எடுத்து வைக்கேன், கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள் அவள்.